சிவப்பு வெளிறினால் பசி

பாஸ் நீரிணைக்கு அப்பால், ஹோபார்ட்டில், அவுஸ்திரேலிய தேசியப் பாசி வளர்ப்புத் தொகுப்பு இருக்கிறது. சிட்னி குரொனல்லாவில் பாசி ஆய்வாளர் ஷெர்லி ஜெஃப்ரி தொடங்கிய சேகரம், 1980களில் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் கடலியல் ஆய்வகங்களோடு அங்கே குடிபெயர்ந்தது. சிப்பிக் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கான தீனிப்பாசிகளின் தாய் வளர்ப்புகள் அங்கிருந்து போகின்றன. இந்தத் தொகுப்பை அருங்காட்சியகம்போல எண்ணி நிதி ஒதுக்குவதுதான் தவறு. அருங்காட்சியகத்தைப் பூட்டிவிட்டுப் போகலாம். இதைப் பூட்டினால் சில மாதங்களில் பெரும்பகுதி செத்துப்போகும்.

கடல்நீரில் வளரும் ஒற்றைச்செல் சிவப்புப் பாசியான போர்பிரிடியத்தையே பாருங்கள். கிருமிநீக்கிய கடல்நீரில் நைட்ரேட், பொஸ்பேட், சிறிது இரும்பு, விற்றமின்கள் கலந்து, மிதமான ஒளியில் வைத்து, பழையது முற்றுமுன் சில துளிகளைப் புதுக் குடுவைக்கு மாற்றவேண்டும். தயிருக்கு உறை ஊற்றுவதுபோலத்தான். ஆனால் இதன் சிவப்பு வெறும் நிறமல்ல. ஃபைகோஎரித்ரின் என்ற அந்தப் புரதம், பச்சை ஒளியைப் பிடித்து ஒளிச்சேர்க்கைக்குக் கொடுக்கிறது. நைட்ரஜன் தீர்ந்ததும் செல் அதே புரதத்தைச் சிதைத்து உண்டு பிழைக்கிறது. குடுவை வெளிறுகிறது. ஒளி மிகுந்தாலும் சிவப்பு குறையும் என்பதால், பசியா வெயிலா என்று பிரித்தறியப் பழகிய கண் வேண்டும். போதாக்குறைக்கு, செல்லைச் சுற்றிய வழவழப்பான சர்க்கரைக் கூழில் பக்டீரியா ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவி நீக்குவது பெரும்பாடு.

வளர்ப்பு செத்தால் கடலிலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். அதே இனம் கிடைக்கலாம். பல ஆண்டு ஆய்வுமுடிவுகள் அந்த இனத்தின் எந்தத் தனி வழியை, எந்த ஸ்ட்ரெயினைப் பற்றியவையோ, அது கிடைக்காது. போர்பிரிடியத்தின் மரபணுத்தொகுதி 2013இலேயே வெளியாகிவிட்டதே என்றால், அந்த எழுத்துவரிசையிலிருந்து செல்லை முளைக்கவைக்க எவராலும் இயலவில்லை. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 பாகையில் உறையவைக்கலாம் என்பது வலுவான வாதம். மாற்றிமாற்றி வளர்ப்பதிலும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது: நெடுங்காலம் ஆய்வகத்தில் வளர்ந்த எமிலியானியா ஹக்ஸ்லியி என்ற ஒற்றைச்செல் பாசியின் ஸ்ட்ரெயின்கள் சில, சுண்ணாம்புத் தகடு உண்டாக்கும் திறனையே இழந்திருக்கின்றன. உறையவைப்பது அந்த மாற்றத்தை நிறுத்தும். ஆனால் எல்லாப் பாசியும் அதில் பிழைப்பதில்லை. பிழைக்கும் வகையிலும் ஒரு பங்கு செல்கள் மடியும். ஆகவே இரண்டு முறையும் தேவை, இன்னொரு நகரில் ஒரு பிரதியும் தேவை. பணமே இல்லாத துறையும் அல்ல இது: ஃபைகோஎரித்ரின் 1982 முதல் நோயெதிர்ப்பியல் ஆய்வுகளில் ஒளிரும் அடையாளமாக விலைபோகிறது. அந்தச் சந்தைக்கு முதலிட ஆள் உண்டு. அடுத்த மாதக் குடுவை மாற்றத்துக்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்திலும் கெஞ்சவேண்டியிருக்கிறது.