ரயில் விட்டுப்போன வழியில் மிதிவண்டி

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், ஜிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து தெற்கே க்ளூனி வரை 44 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை போகிறது. ஒரு காலத்தில் அதன் மேல் ரயில் ஓடியது. தண்டவாளமும் சிலீப்பர் கட்டைகளும் போன பிறகு, அதே தடத்தில் தார் போட்டு, 1997-இல் மிதிவண்டிக்கும் நடப்பவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். அந்நாட்டின் முதல் பசுமைப் பாதை என்று சொல்லப்படுவது இதுதான். 2004 செப்டம்பரில் வந்த அரசாணை இத்தகைய பாதைகளைச் சாலை விதிகளுக்குள் கொண்டுவந்தது. மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் வருபவர்கள் ஆகியோருக்கு மட்டுமே அந்த ஆணை அங்கே இடம் கொடுத்தது. இன்று நார்மண்டியிலிருந்து பிரனே மலையடிவாரம் வரை கிராமப்புறங்களில், பழைய ரயில் தடங்களிலும் கால்வாய்க் கரைகளிலும், இப்படிப் பல பாதைகள் இருக்கின்றன. இவற்றைப் புகழ்பவர்கள் முதலில் சொல்வது கார் இல்லாத நிம்மதியை. அது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய செல்வம் ஒன்று இந்தத் தடங்களில் இருக்கிறது, அது அவற்றின் மட்டம் என்பேன். அதைச் செதுக்கியவர்கள் மிதிவண்டியை மனத்தில் வைத்துச் செதுக்கவில்லை. இழுக்கத் திணறிய நீராவி எஞ்சினுக்காகவும் படகு இழுத்த குதிரைக்காகவும் வெட்டிய வழி, சாதாரண மனிதக் கால்களின் அளவுக்கு அப்படியே பொருந்திவிட்டது.

பொருந்துவது எப்படி என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். விளையாட்டு வீரர் அல்லாத ஒருவர் மணிக்கணக்கில் களைக்காமல் மிதித்தால் ஏறக்குறைய 75 வாட் திறன் கிடைக்கும். ஆள், வண்டி, பயண மூட்டை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்ப் பாதையில் சக்கரம் உருள்வதற்கான தடை சுமார் 6 நியூட்டன். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று எதிர்த்துத் தள்ளுவது சுமார் 9 நியூட்டன். ஆக, சமதளத்தில் அந்த 75 வாட் 18 கிலோமீட்டர் வேகத்துக்குச் சரியாக இருக்கிறது. இனி நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் 1% ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத ஏற்றம் அது. ஆனால் புவியீர்ப்பு பின்னோக்கி இழுக்கும் விசை மட்டும் கிட்டத்தட்ட 10 நியூட்டன். காற்றுத் தடையைவிட அதிகம். வேகம் 13-ஆகக் குறைகிறது. 2% ஏற்றத்தில் 9.6. மேடு பள்ளமான நாட்டுப்புறச் சாலைகளில் சாதாரணமாக வரும் 6% ஏற்றத்தில் மணிக்கு 4.1 கிலோமீட்டர், அதாவது நடக்கிற வேகம். அந்த வேகத்தில் மூட்டை ஏற்றிய வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பதே பெரும்பாடு.

கியர் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். போர்தோவுக்குத் தென்கிழக்கே பழைய ரயில் தடத்தில் போகும் பசுமைப் பாதைக்கு ரோஜே லாபேபியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1937-இல் தூர் த பிரான்ஸ் பந்தயத்தை வென்றவர். சங்கிலியைப் பல் சக்கரம் விட்டுப் பல் சக்கரம் மாற்றும் கியருக்கு அந்தப் பந்தயத்தில் அனுமதி கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். ஏற்றத்தில் கியர் செய்யும் உதவியைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது குறைப்பது மிதியில் அழுத்த வேண்டிய விசையை மட்டுமே. 100 கிலோவை மேலே தூக்கத் தேவையான ஆற்றலில் ஒரு துளியும் குறையாது. 6% ஏற்றத்தில் தடுமாறாமல் மணிக்கு 8 கிலோமீட்டரில் போக வேண்டுமானால், எந்தக் கியரில் மிதித்தாலும் ஏறத்தாழ 150 வாட் வேண்டும். பயிற்சி பெற்றவரிடம் அது உண்டு. பத்து வயதுப் பிள்ளையிடமும் அறுபதைத் தாண்டியவரிடமும் மணிக்கணக்கில் அதை எதிர்பார்க்க முடியாது.

ஏறியதை இறக்கத்தில் திரும்பப் பெறலாமே என்பது அடுத்த கேள்வி. பெற முடியாது. செங்குத்தான இறக்கத்தில் வேகம் கூடக் கூடக் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. மீதியைப் பிரேக் கட்டை வெப்பமாக்கித் தீர்த்துவிடுகிறது. 10 கிலோமீட்டர் பயணத்தில் முதல் பாதி 6% ஏற்றம், மறுபாதி அதே அளவு இறக்கம் என்றால், ஏற மட்டும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினாலும் மொத்தம் 83 நிமிடம். அதே தூரத்தை ரயில் தடத்துக்குரிய 2% ஏற்ற இறக்கத்தில் கடந்தால் சுமார் 42 நிமிடம். முழுச் சமதளத்தில் 33. மெல்லிய சரிவு தின்னும் நேரம் அற்பம், கடும் சரிவு தின்பதோ பாதி நாள். ஒரு குடும்பம் மாலைக்குள் அடுத்த ஊரின் விடுதியை எட்டுமா, வழியிலேயே சோர்ந்து நிற்குமா என்பதை இந்த வித்தியாசமே தீர்மானிக்கிறது.

ரயில் தடங்கள் இவ்வளவு மென்மையாக இருப்பதற்குக் காரணம் எஃகின் இயல்பு. எஃகுத் தண்டவாளத்தில் எஃகுச் சக்கரம் உருள்வதற்கான தடை மிகக் குறைவு. சமதளத்தில் ஒரு டன் சரக்கை மெதுவாக நகர்த்த 2 அல்லது 3 கிலோ எடையளவு விசை போதும். ஆனால் 1% ஏற்றம் வந்தால் ஒவ்வொரு டன்னுக்கும் கூடுதலாக 10 கிலோ இழுவை வேண்டும். சுமை நான்கைந்து மடங்காகிவிடுகிறது. வழவழப்பான சக்கரத்துக்குப் பிடிமானமும் குறைவு. எஞ்சின் வலுவாக இழுத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் பொறியாளர்கள் குன்றைக் குடைந்தார்கள், பள்ளத்தாக்கைக் கரைமேடு போட்டு நிரப்பினார்கள், ஆற்றோரமாகவே வளைந்து போனார்கள். பொதுப்பணி அமைச்சராக இருந்த ஷார்ல் த ஃப்ரேசினே 1879-இல் கொண்டுவந்த திட்டம், சிறு ஊர்களையும் ரயிலோடு இணைக்க 8,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட புதிய தடங்களை வகுத்தது. முதன்மைத் தடங்களைவிடச் சிக்கனமாக, கொஞ்சம் அதிகச் சரிவோடு இட்டவை அவை. அப்படியும் 3% என்பது மலைப்பகுதியின் அரிய உச்சம். பின்னர் பேருந்தும் காரும் வந்தன. 1938-இல் தேசிய ரயில் நிறுவனம் உருவானதை ஒட்டிப் பல கிளைத் தடங்களில் பயணிகள் ரயில் நின்றது. பெருஞ்செலவில் சீராக்கிய நிலம் மட்டும் அப்படியே கிடந்தது.

க்ளூனிக்கும் மாக்கோனுக்கும் நடுவில் இதை நேராகவே காணலாம். அங்கே குன்றின் அடியில் 1.6 கிலோமீட்டர் நீளமுள்ள புவா க்ளேர் ரயில் சுரங்கம் இப்போது மிதிவண்டிகளுக்குத் திறந்திருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வௌவால்கள் உறங்குவதால் அதை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் வருபவர்கள் குன்றின் மேல் ஏறித்தான் போக வேண்டும். ஒரு சுரங்கம் எத்தனை உழைப்பை மிச்சப்படுத்துகிறது என்று அப்போது கால்களுக்கே தெரிந்துவிடும்.

கால்வாய்க் கரைகள் இன்னும் மட்டமானவை. தேங்கிய நீர் சரிவாக நிற்காது. படகை இழுக்கும் குதிரை நடந்த கரையும் அந்த நீர்மட்டத்தை ஒட்டியே போயாக வேண்டும். பர்கண்டிக் கால்வாய் 242 கிலோமீட்டர் நீளம். அதன் வடமேற்கு முனையான மிஜென்னிலிருந்து உச்சியான பூயி வரை சுமார் 300 மீட்டர் உயர்கிறது. அந்த உயரம் 150 கிலோமீட்டருக்கு மேல் பரவியிருப்பதால் சராசரிச் சரிவு 0.2% மட்டுமே. ஏற்றம் முழுவதும் படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தூக்கிவிடும் மதகு அறைகளில் ஒடுங்கிவிடுகிறது. கால்வாய் முழுவதும் சேர்த்து அவை 189. ஆனால் மட்டம் மட்டும் போதாது என்பதையும் கால்வாய்க் கரைகளே காட்டுகின்றன. 1681-இல் முடிந்த, தெற்கிலுள்ள கனால் து மிதி என்ற கால்வாயில் தூலூஸ் நகரை ஒட்டிய பகுதி சீரான தளம். கிழக்கே போகப் போக மண்ணும் வேரும் கல்லுமாகப் பல இடங்கள். உருளல் தடை இரண்டு மடங்கானால், அது பயணம் முழுவதும் தீராத 0.6% ஏற்றத்துக்குச் சமம். பாதை அமைப்பவர்கள் தளத்துக்கான செலவில் கைவைக்கக் கூடாது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

பிரான்சில் ஆளரவமற்ற சின்னச் சாலைகள் ஏராளம், தனிப் பாதை எதற்கு என்று அனுபவமுள்ள பயணிகள் கேட்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. சாலைப் பின்னலில் மிகப் பெரிய பகுதி மாவட்ட, ஊராட்சிச் சாலைகள்; பலவற்றில் ஒரு மணி நேரத்துக்குச் சில கார்கள்தான் போகும். லுவார் ஆற்றை ஒட்டிய சுமார் 900 கிலோமீட்டர் மிதிவண்டி வழித்தடமும் பல இடங்களில் அத்தகைய சாலைகளையே பயன்படுத்துகிறது. ஆனால் காலியான சாலையில்தான் கார் வேகமாக வருகிறது. நடுத்தடுப்பு இல்லாத கிராமச் சாலைகளின் பொது வேக வரம்பு 2018 முதல் 80 கிலோமீட்டர். சில மாவட்டங்கள் சில சாலைகளில் அதை மீண்டும் 90 ஆக்கியிருக்கின்றன. ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வளைவில் தவறிய ஒரு கணத்தை அந்தச் சட்டம் திருத்தாது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், 80-இல் வரும் கார் 30-இல் வருவதைவிட ஏழு மடங்கு ஆற்றலோடு மோதும். தேர்ந்த பயணிக்கு அது ஏற்கத்தக்க ஆபத்தாக இருக்கலாம். பிள்ளையைப் பின்வண்டியில் இழுத்து வரும் தாய்க்கு அப்படி இல்லை.

மின்சார மிதிவண்டி ஏற்றத்தைத் தீர்த்துவிட்டது என்பாரும் உண்டு. ஐரோப்பிய விதிப்படி அதன் மோட்டார் 250 வாட் வரை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை உதவலாம். வயதானவர்களுக்கு அது பெரும் கொடை. ஆனால் மின்கலத்துக்கும் புவியீர்ப்புக் கணக்கு ஒன்றுதான். மலைச் சாலையில் ஒரு மின்னேற்றத்தில் போகும் தூரம் வெகுவாகச் சுருங்கிவிடும். ரயில் தடங்கள் சலிப்பூட்டும், வெட்டுப்பள்ளங்களில் இரு பக்கமும் மண்சுவரைத் தவிர ஒன்றும் தெரியாது என்ற குறையை நான் மறுக்க மாட்டேன். குன்றின் உச்சியிலிருந்து பார்க்கும் காட்சி அங்கே கிடைக்காது. அது வேண்டியவருக்குச் சாலை திறந்தே இருக்கிறது. ஏற முடியாதவருக்குத்தான் வேறு வழியில்லை.

கனமான எதிர்ப்பு ஒன்று பாக்கி. கிராமங்களுக்கு ரயில் மறுபடியும் தேவைப்படலாம், அதன் தடத்தை விளையாட்டுக்குக் கொடுப்பது சரியா? எங்கே ரயிலைத் திரும்பக் கொண்டுவர முடியுமோ அங்கே ரயிலே முதலில் வர வேண்டும். ஆனால் பாதை போடுவது ரயிலுக்குக் கதவடைப்பதாகாது. நிலத்தின் உரிமையை ரயில் அமைப்பே வைத்துக்கொண்டு, நிர்வாகத்தை மட்டும் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தமுறை பிரான்சில் இருக்கிறது. உண்மையான இழப்பு, பயனின்றிக் கிடக்கும் தடத்தைத் துண்டுதுண்டாக விற்பதில் நேர்கிறது. ஒரு பாலம் இடிந்து, ஒரு கரைமேடு வயலோடு கலந்துவிட்டால், இரு பக்கமும் நல்ல பாதை இருந்தும் நடுவில் பயணி நெடுஞ்சாலைக்குத் தள்ளப்படுகிறார். பிறகு அதே மட்டத்தை மண் வெட்டி உருவாக்க எந்த ஊராட்சியிடமும் பணம் இருக்காது. ஆகவே கைவிட்ட தடம் ஒவ்வொன்றையும், பாதை போடப் பணம் இல்லாவிட்டாலும், அறுபடாத ஒரே நிலமாகப் பொதுக்கையில் வைத்திருப்பதுதான் அரசும் உள்ளாட்சிகளும் உடனே செய்ய வேண்டிய வேலை.