தண்ணீர் வற்றினாலும் சாகாத முட்டை: தோட்டக் குடியிருப்புகளும் டிங்கியும்

மழை நின்று சில நாள் வெயில் அடித்தால் போதும். லயத்தின் பின்புறம் கிடக்கும் வாளி, டிராக்டர் டயர், பழைய பால் மங்கு எல்லாம் காய்ந்துவிடும். தண்ணீர் இல்லை, இனிக் கொசு வராது என்று நாம் நிம்மதி அடைகிறோம். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பொறுத்தவரை அந்த நிம்மதிதான் ஆபத்து. அதன் முட்டை காய்ந்த பாத்திரத்தின் சுவரில் ஒட்டியபடியே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். அடுத்த மழைநீர் தொட்டதும் பொரிந்துவிடும்.

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2019-இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிலாங்கூரைச் சேர்ந்தவர்கள்.

முட்டை எப்படித் தாங்குகிறது?

ஏடிஸ் பெண் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடும். முட்டையிட்ட முதல் நாளிலேயே ஓட்டுக்கு உள்ளே கைட்டின் கலந்த ஒரு படலம் உருவாகி, உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. இரண்டு மூன்று நாளில் கரு முழு வளர்ச்சி அடைந்துவிட்டால், அதன்பின் முட்டை சுருங்கிக் காய்ந்தாலும் சாவதில்லை.

இமாச்சலத்தின் மண்டி ஐ.ஐ.டி.யையும் பெங்களூரு இன்ஸ்டெம் நிறுவனத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பாஸ்கர் பக்தவச்சலம், சுனில் லக்ஷ்மண் உள்ளிட்டோர் 2023-இல் இதன் உள்வேலையை விளக்கினார்கள். காயும்போது கரு தன் உடல் வேதியியலையே மாற்றிக்கொள்கிறது. பாலிஅமின் என்னும் பொருள்களைப் பெருக்கித் தன் உயிரணுக்களைக் காத்துக்கொள்கிறது. மீண்டும் நீர் பட்டதும் கொழுப்பை எரித்து வளர்ச்சியைத் தொடர்கிறது.

தோட்டங்களில் அதிகம் காணப்படும் ஏடிஸ் இனம் ஏடிஸ் அல்போபிக்டஸ். நம் தென்கிழக்காசியாவில் தோன்றிய இந்தக் கொசு குளிரையும் வென்றிருக்கிறது. குளிர்நாடுகளில் குடியேறிய வகை, பகல் குறுகும் காலத்தில் உறங்குநிலை முட்டைகளை இடுகிறது. அவை உறைபனியைத் தாண்டி வசந்தத்தில் பொரிகின்றன. பழைய டயர்களில் ஒட்டிய முட்டைகளாகவே அது கடல் கடந்தது. 1979-இல் அல்பேனியாவிலும் 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனிலும் அது கண்டறியப்பட்டது. கடல் கடந்த பயணத்தையே தாங்கிய முட்டைக்கு நம் ஊர் வெயில் பெரிதல்ல.

குழாய்த் தண்ணீர் நின்றால்

சிலாங்கூரில் 2014-இல் வறட்சியால் தண்ணீர் பங்கீடு நடந்தது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் மாசடைந்து நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, கோல சிலாங்கூரும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று. குழாய் நின்றால் குடும்பங்கள் டிரம்மிலும் தொட்டியிலும் தண்ணீர் பிடித்து வைக்கத்தான் செய்யும். மூடாத டிரம்மில் ஏடிஸ் முட்டையிடும். டிங்கியைத் தடுப்பதில் தடையற்ற தண்ணீருக்கும் பங்கு உண்டு என்பதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

தொழிலாளர்களின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரம் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 446), முதலாளி தரும் வீட்டுக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் வழங்குவதையும் வீட்டை நல்ல நிலையில் வைத்திருப்பதையும் அவரது கடமையாக்குகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதன் பாதுகாப்பில் வருவார்கள். மீறல் இருந்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 154), கொசு பெருக இடம் கொடுக்கும் உரிமையாளர், குடியிருப்பவர் இருவரையும் பொறுப்பாக்குகிறது. முதல் குற்றத்துக்கு நீதிமன்றம் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தோட்ட வேலையை விட்டபின்னும் பழைய லயத்திலேயே வாழும் குடும்பங்களுக்கு இந்தச் சட்டம் முக்கியம். அடைத்த கால்வாய், குவிந்த டயர்கள், கைவிட்ட வீடுகள் பற்றி மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் கோல சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்கும் படத்தோடு எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள். ஒரு வீடு எழுதுவதைவிட லயமே சேர்ந்து கையெழுத்திடுவது வலுவானது.

நாம் செய்ய வேண்டியவை

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரில் ஒட்டிய முட்டை அங்கேயே இருக்கும். வாரம் ஒருமுறை பிரஷ் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால்தான் இந்த வாரக் கணக்கு. காய்ந்த பாத்திரங்களையும் விடாதீர்கள். பயன்படாத மங்கு, சிரட்டை, டயர் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள். டிரம்மை இறுக மூடுங்கள். மூட முடியாவிட்டால் அளவறிந்து அபேட் என்னும் கொசுப்புழு மருந்து போடுங்கள். புகையடிப்பு பறக்கும் கொசுவைக் கொல்லும். முட்டையை ஒன்றும் செய்யாது. புகையடித்துப் போனபிறகும் தேய்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.

காய்ச்சல் கண்டால்

திடீரென உயர்ந்த காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி இருந்தால் உடனே அரசு கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரோபன் வேண்டாம், இரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும் நாட்களே மிக ஆபத்தானவை. கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

சம்பளம் போய்விடும் என்று காய்ச்சலோடு வேலைக்குப் போக வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் 60 நாள் வரை விடுப்பு உண்டு. மருத்துவ விடுப்புச் சான்று (எம்.சி.) கிடைத்தால், விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். தவறினால் அனுமதியின்றி வராததாகக் கருதப்படுவீர்கள்.

டிங்கி கண்டால் அது குடும்பத்தின் அசுத்தம் என்று பழி சொல்வது எளிது. பிரஷ் நம் கையில் இருக்கிறது. அதை நாம் எடுக்க வேண்டும். குழாயும் கால்வாயும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. அவற்றை நாம் கேட்டுப் பெற வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அடுத்த மழையில் அந்த முட்டைகள் பொரியும்.