ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ்: ‘டூயல் பூட்’ செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வசதி கட்டாயம் என்பதால், பழைய லேப்டாப்கள் பலவும் அதற்குத் தகுதி பெறவில்லை. அதுக்காக நல்லா ஓடுற லேப்டாப்பைத் தூக்கிப் போடணுமா? தேவையில்லை. விண்டோஸை அழிக்காமலே பக்கத்தில் லினக்ஸையும் ஏற்றலாம்.

டூயல் பூட்னா என்ன?

ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து இரண்டு இயங்குதளங்களுக்கும் தனித்தனி இடம் ஒதுக்குவதுதான் டூயல் பூட். லேப்டாப்பை ஆன் செய்ததும் ஒரு மெனு வரும். எது வேணுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். நெட் பேங்கிங், பிரவுசிங் எல்லாம் லினக்ஸில் வைத்துக்கொண்டு, விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருட்களுக்கு இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

தொடங்கும் முன்

* போட்டோ, சான்றிதழ்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இன்ஸ்டால் செய்யப்போகும் பென் டிரைவில் வைக்காதீர்கள். அது முழுசா அழிந்துவிடும்.

* ‘பிட்லாக்கர்’ ஆனில் இருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயைக் குறித்துக்கொண்டு ஆஃப் செய்யுங்கள். கீ இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஃபைல்களைத் திறக்கவே முடியாது.

* ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பையும் நிறுத்துங்கள்.

* டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ‘ஷ்ரிங்க்’ செய்து, குறைந்தது 50 ஜிபி காலி இடம் ஒதுக்குங்கள். அதைப் புது டிரைவாக மாற்றாமல் அப்படியே விடுங்கள்.

எப்படி நிறுவுவது?

உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் டவுன்லோடு செய்து, ‘ரூஃபஸ்’ மூலம் 8 ஜிபி பென் டிரைவில் ஏற்ற வேண்டும். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, பூட் மெனுவில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பூட் மெனுவுக்கான கீ எஃப்12, எஃப்9, எஸ்கேப் என கம்பெனிக்கு கம்பெனி மாறும். முதலில் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட் வேலை செய்தால் மேலே போகலாம்.

இந்த ஒரு கிளிக் கவனம்!

இன்ஸ்டால் செய்யும்போது ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’, ‘டிஸ்க்கை அழித்து நிறுவு’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு ஆப்ஷன்கள் வரும். முதலாவதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைக் கொடுத்துவிட்டால் விண்டோஸும் போகும், ஃபைல்களும் போகும். சேர்த்து நிறுவும் ஆப்ஷனே வரவில்லை என்றால், அங்கேயே நிறுத்திவிட்டு பிட்லாக்கரை மறுபடி சரிபாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பயப்பட வேண்டாம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தைக் கணக்கில் கொள்வதால் வரும் குழப்பம் அது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.