கூரை குளிர்ந்தால் ஊரும் குளிரும்

சவளக்கடை வயல்வெளியிலிருந்து கிட்டங்கியைக் கடந்து கல்முனை நகருக்குள் நுழையும்போது சூடு கூடுவதை உடல் உடனே உணரும். வயலில் தண்ணீரும் பயிரும் உண்டு. அவற்றிலிருந்து எழும் நீராவி வெப்பத்தைத் தணிக்கிறது. நகரிலோ கொங்கிறீற்றுச் சுவரும் தார் வீதியும் பகலில் குடித்த வெயிலை இரவு முழுவதும் வெளிவிடுகின்றன. கச்சான் வீசும் மாதங்களில் சொல்லவே வேண்டியதில்லை.

வயலையும் வளவையும் விட்டு வந்த குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. வேம்பு நிழலில், கிடுகுக் கூரையின் கீழ் வாழ்ந்த நாம் நெருக்கமான குடியிருப்புகளில் தகரத்தின் கீழ் படுக்க வேண்டியதாயிற்று. 2004 டிசம்பர் 26 கடற்கோளின் பின் இக்கரையோரத் தகரக் கொட்டில்களில் இருந்தவர்கள் அந்தப் பகற்பொழுதுகளை மறந்திருக்க மாட்டார்கள். கைக்குழந்தைகளும் வயோதிபரும் நோயாளரும்தான் முதலில் வாடுவார்கள். உலகின் சராசரி வெப்பநிலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்ததைவிட ஏற்கெனவே 1 பாகைக்கு மேல் உயர்ந்துவிட்டது. இன்று கட்டும் வீட்டில் நமது பேரப்பிள்ளைகளும் வாழப் போகிறார்கள்.

வெப்பம் எங்கே போகிறது?

வசதியுள்ளோர் வளிசீராக்கி பூட்டுகிறார்கள். அது வெப்பத்தை அழிப்பதில்லை, வெளியே தள்ளுகிறது. 1 பங்கு மின்சாரத்தைக் கொண்டு அறையிலிருந்து 3 பங்கு வெப்பத்தை எடுத்தால், தெருவுக்கு 4 பங்கு போய்ச் சேரும். ஒரு வீடு குளிர, அயல் வீடு சூடாகிறது. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் இவ்வாறு இரவு வெப்பநிலை சில இடங்களில் 1 பாகைக்கு மேல் கூடுவதாக 2014இல் வெளியான ஆய்வொன்று கணித்தது.

கூரையிலேயே வெயிலைத் தடுத்தால் வீடும் குளிரும், மின்சாரமும் மிஞ்சும், தெருவும் சூடாகாது. இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையில் வழமையைவிட 1,300க்கும் அதிகமானோர் மேலதிகமாக இறந்தனர். 2013இல் அந்நகரம் வெப்பத்துக்கெதிரான திட்டம் வகுத்தது. 2017இல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசத் தொடங்கியது. இத்தகைய கூரையின் கீழ் வெப்பம் 2 முதல் 5 பாகை வரை குறையலாம். தெலங்கானா மாநிலம் 2023இல் இதைக் கொள்கையாகவே ஏற்றது.

நாம் செய்யக்கூடியவை

1. சீமெந்துத் தட்டுக்கும் ஓட்டுக்கும் சுண்ணாம்பு அடிக்கலாம். தகரத்தில் சுண்ணாம்பு நிற்காது. துருவை நீக்கி வெள்ளைத் தீந்தை பூச வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீட்டைச் சுரண்டவே கூடாது. அதன் தூசு சுவாசப்பைக்கு ஆபத்து.

2. மாரி மழை ஓய்ந்தபின், மாசி அல்லது பங்குனியில் பூசுங்கள். தூசு படிந்தால் பயன் குறையும். கழுவி, தேவையானபோது மீண்டும் பூசுங்கள்.

3. தகரத்தின் கீழ் இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது பன்பாய் கட்டுங்கள். அடுப்படிக்கு மேல் கட்ட வேண்டாம், தீப்பிடிக்கும்.

4. முகட்டோரம் சூடான காற்று வெளியேற வழி விடுங்கள். கடற்காற்று வரும் கிழக்குப் பக்கம் யன்னல் வையுங்கள்.

5. பின்னேர வெயில் படும் மேற்குப் பக்கம் வேம்போ பூவரசோ நடுங்கள்.

ஒரு வீடு மட்டும் செய்தால் அந்த வீட்டுக்கு ஆறுதல். குடியிருப்பு முழுவதும் செய்தால் இரவுக் காற்றே மாறும். ஆகவே வீட்டுத்திட்டத்தோடு வருபவர்களிடம் எத்தனை வீடு என்று மட்டும் கேட்காதிருப்போம். கூரை என்ன, காற்று வரும் வழி எது, மரத்துக்கு இடம் எங்கே என்றும் சங்கமாகக் கூடிக் கேட்போம்.