ஊரும் ஆட்சியும் – 11: மலையடி நகரத்தின் கோடை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில், சான் கேப்ரியல் மலைத்தொடரின் தென்சரிவு சமவெளியைத் தொடும் இடத்தில் மன்ரோவியா என்னும் சிறு நகரம் அமைந்திருக்கிறது. வில்லியம் மன்ரோ என்ற இருப்புப்பாதை ஒப்பந்தக்காரரும் அவருடைய கூட்டாளிகளும் 1886 இல் மனை பிரித்து விற்ற நிலத்தில் எழுந்து, அடுத்த ஆண்டே தனி நகராட்சியாகப் பதிவு பெற்ற இவ்வூரில் இன்று சுமார் 38,000 பேர் வாழ்கின்றனர். மக்கள்தொகையில் சிறியதானாலும், காவல்துறை, தீயணைப்புத் துறை, குடிநீர் வழங்கல், பொது நூலகம் ஆகிய நான்கையும் இந்நகரம் தன் கையிலேயே வைத்திருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இத்தகைய மலையடி ஊர்களின் நிர்வாகம் குடிமக்களுக்குத் தரும் செய்திகளைத் தொகுத்துப் பார்த்தால், பூங்காவில் மாலை இன்னிசை, நூலகத்தில் சிறுவர்க்கான கோடை வாசிப்பு, தோட்டத்திற்குத் தண்ணீர் விடுவதில் கட்டுப்பாடு, காய்ந்த புதரை வெட்டும்படி நினைவூட்டல், கரடி நடமாட்டம், வரவு செலவுத் திட்டம், அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் என அவை ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோலத் தோன்றும். ஆயினும் ஊரின் தலைக்கு மேல் நிற்கும் மலையும், மக்களிடம் சொல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்று கட்டளையிடும் மாநிலச் சட்டமும் சேர்ந்தே அந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றைப் பிறப்பிக்கின்றன. உரிய நேரத்தில் சொல்லப்படும் சிறு அறிவிப்பே உள்ளாட்சியின் முதற்கடமை என்பதை இந்த நகரத்தின் ஒரு கோடையைக் கொண்டு விளங்கிக்கொள்ள முடியும்.

ஜூலை 1: புதிய கணக்கு

கலிபோர்னிய நகரங்களின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்கி ஜூன் 30 அன்று முடிகிறது. ஆகவே கோடை விடுமுறைக்குப் பள்ளிகள் மூடும் வேளையில்தான் நகர மன்றம் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை விவாதித்து நிறைவேற்ற வேண்டியிருக்கிறது. மன்ரோவியாவில் மேயரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட மன்றம் கொள்கைகளை வகுக்க, அம்மன்றம் நியமிக்கும் நகர மேலாளர் அன்றாட நிர்வாகத்தை நடத்துகிறார். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் மலிந்திருந்த கட்சி ஊழலுக்கு மாற்றாக உருவான முறை இது. தமிழ்நாட்டில் மாநகராட்சி ஆணையரை மாநில அரசு அனுப்பிவைக்கிறது. இம்முறையிலோ மேலாளரை அமர்த்துவதும் நீக்குவதும் மன்றத்தின் உரிமையாகவே இருப்பதால், அவர் தயாரித்து அளிக்கும் வரவு செலவுத் திட்டத்தின் பொறுப்பு முழுவதும் உள்ளூரிலேயே தங்கிவிடுகிறது.

அந்தத் திட்டத்தின் வரவுப் பக்கத்தை 1978 ஜூனில் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13 ஆம் முன்மொழிவு இன்றளவும் ஆள்கிறது. சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கி, ஒரு சொத்து கைமாறும்வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்று வரையறுத்த அந்த விதி, வீட்டு உரிமையாளர்களுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்த அதே வேளையில், நகரங்களை விற்பனை வரியையும் கட்டணங்களையும் நாடிச் செல்லவைத்தது. மன்ரோவியாவும் 2019 நவம்பரில் தன் வாக்காளர்களிடம் நேரே சென்று, முக்கால் விழுக்காடு கூடுதல் விற்பனை வரிக்கு ஒப்புதல் பெற்றது. கடைத்தெருவின் வியாபாரமும் நகரத்தின் கருவூலமும் இவ்வாறு பிணைந்திருப்பதால், மர்ட்டில் அவென்யூ எனப்படும் பழைய கடைவீதியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாகனங்களை நிறுத்திவைத்து நடத்தப்படும் தெருச் சந்தையும், பழைய இருப்புப்பாதைத் தடத்தில் 2016 மார்ச்சில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயில் நிலையமும் நகர நிர்வாகத்திற்குப் பொழுதுபோக்கு, போக்குவரத்து என்பவற்றுக்கு அப்பாலும் அக்கறைக்குரியவையாகின்றன.

எழுபத்திரண்டு மணி நேரம்

வரியும் செலவும் முடிவாகும் மன்றக் கூட்டத்தைக் கலிபோர்னியாவில் ஆள்வது 1953 இல் இயற்றப்பட்ட பிரவுன் சட்டம். உள்ளாட்சி மன்றங்கள் மூடிய அறைகளில் முடிவெடுத்துவிட்டுப் பொதுக்கூட்டத்தில் வெறுமனே கைதூக்குவதைச் சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்று தொடர் கட்டுரையாக வெளிக்கொணர்ந்ததன் விளைவாக, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் இச்சட்டத்தைக் கொண்டுவந்தார். வழக்கமான கூட்டத்திற்குக் குறைந்தது 72 மணி நேரத்திற்கு முன்னரும், சிறப்புக் கூட்டத்திற்கு 24 மணி நேரத்திற்கு முன்னரும் பொருள் நிரலைப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்ட வேண்டும். அவசர நிலை போன்ற சில விலக்குகள் தவிர, நிரலில் இல்லாத பொருளின்மீது முடிவெடுக்கக் கூடாது. மன்றத்தின் அதிகார வரம்புக்குட்பட்ட எதைப் பற்றியும் வழக்கமான கூட்டத்தில் பேசப் பொதுமக்களுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்பவை அதன் முதன்மையான விதிகள். பெரும்பான்மை உறுப்பினர்கள் தங்களுக்குள் தனியே கூடியோ, ஒருவர் மாற்றி ஒருவரிடம் செய்தி அனுப்பியோ ஒரு பொருளில் முன்கூட்டியே இணக்கம் காண்பதும் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருக்கிறது.

நிரலை அருகிலிருந்து பார்த்தால் அதன் அமைப்பே ஒரு பாடமாக இருக்கும். முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, பட்டியல் தொகை, சிறு ஒப்பந்தப் புதுப்பிப்பு போன்ற வழக்கமான இனங்கள் ஒரே தொகுதியாக வைக்கப்பட்டு, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறும். ஆனால் அத்தொகுதியில் உள்ள எந்த இனத்தையும் தனியே எடுத்து விவாதிக்கும்படி ஓர் உறுப்பினர் கேட்டுவிட்டால், அது உடனே தொகுதியிலிருந்து பிரிக்கப்படும். ஒவ்வோர் இனத்தின் பின்னாலும் அதன் பின்னணி, செலவு, எந்தத் தலைப்பிலிருந்து பணம் வருகிறது, அலுவலர்களின் பரிந்துரை ஆகியவற்றைக் கூறும் அறிக்கை இணைக்கப்பட்டிருக்கும். ஆகையால் கூட்டத்துக்கு வரும் குடிமகன் உறுப்பினர் படித்த அதே தாளைப் படித்துவிட்டு வருகிறான்.

குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகியவற்றின் கட்டணத்தை உயர்த்துவதற்கு இன்னும் கடுமையான நிபந்தனை உண்டு. 1996 இல் வாக்காளர்கள் ஏற்ற 218 ஆம் முன்மொழிவின்படி, உயர்வு எவ்வளவு, எதற்காக என்பதை ஒவ்வொரு சொத்துக்கும் அஞ்சலில் எழுதித் தெரிவித்து, குறைந்தது 45 நாள்கள் கழித்தே அதன்மீது பொது விசாரணை நடத்த வேண்டும். சொத்துகளில் பாதிக்கு மேற்பட்டவற்றிலிருந்து எழுத்துமூலம் எதிர்ப்பு வந்துவிட்டால், மன்றம் ஒருமனதாக விரும்பினாலும் கட்டணத்தை உயர்த்த முடியாது.

மலை தரும் நீரும் நெருப்பும் சேறும்

சான் கேப்ரியல் மலைகள் இன்றும் உயர்ந்துகொண்டிருக்கும் இளம் மலைகள். அவை உயரும் வேகத்தில் உதிரவும் செய்வதால், மன்ரோவியா போன்ற ஊர்கள் நிற்கும் நிலமே ஓடைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொணர்ந்து விசிறிபோல் பரப்பிய சரளையாலும் மணலாலும் ஆனது. அந்தச் சரளைக்கு அடியில் உள்ள நீர்த்தேக்கத்திலிருந்தே நகரம் கிணறுகள் வழியாகத் தன் குடிநீரை எடுக்கிறது. நீரை எடுப்பவர்களின் பங்கு 1973 இல் நீதிமன்றத் தீர்ப்பால் வரையறுக்கப்பட்டு, ஒரு கண்காணிப்பு அமைப்பின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. தன் பங்குக்கு மேல் எடுக்கும் ஊர் அதற்கு ஈடாக வெளியிலிருந்து நீர் வாங்கி நிலத்துக்குள் இறக்குவதற்கான விலையைச் செலுத்த வேண்டும். குளிர்காலத்தில் மலையில் பெய்யும் மழையைக் கால்வாய்களில் திருப்பி, ஊறல் குளங்களில் தேக்கி, நிலத்தடிக்கு அனுப்புவதே இப்பகுதியின் நீர் மேலாண்மையின் உயிர்நாடி. மே முதல் அக்டோபர் வரை மழை ஏறக்குறைய இல்லாத இந்நிலத்தில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதைக் குறித்த கோடை அறிவிப்பு அந்தப் பொதுச் சேமிப்பின் கணக்கை ஒட்டியே பிறக்கிறது.

அதே மழையற்ற மாதங்கள் மலைச்சரிவை மூடியிருக்கும் சாப்பரல் என்னும் புதர்க்காட்டை எரிபொருளாக மாற்றுகின்றன. எண்ணெய்ப் பசை மிகுந்த, கடினமான சிற்றிலைகளைக் கொண்ட இச்செடிகள் எரிந்து மீண்டும் முளைக்கும் இயல்புடையவை. 2020 செப்டம்பர் 6 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 49 பாகைக்கு மேல் வெப்பம் பதிவான அதே நாளில், மலைக்குள் காக்ஸ்வெல் அணை அருகே பற்றிய பாப்கேட் தீ 1,15,000 ஏக்கருக்கு மேல் எரித்து, மன்ரோவியா, சியெரா மாட்ரே, ஆர்க்கேடியா ஆகிய மலையடி ஊர்களின் எல்லைவரை நெருங்கியது. (கவுண்டி என்பது பல நகரங்களை உள்ளடக்கிய, நம் மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பிரிவு.) தீ அணைந்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. செடிகளின் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் படிந்து நீர் இறங்காத படலமாக மாறிவிடுவதால், அடுத்து வரும் பெருமழை சாம்பலையும் சேற்றையும் பாறைகளையும் ஒரே பெருக்காக ஊருக்குள் இறக்கிவிடும். 1933 நவம்பரில் எரிந்த சரிவுக்குக் கீழே, 1934 புத்தாண்டு நள்ளிரவில், லா கிரெசென்ட்டா பள்ளத்தாக்கில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது இவ்வாறே. பள்ளத்தாக்குகளின் வாயில் கவுண்டி வெட்டியிருக்கும் சேறு தாங்கும் குளங்கள் அத்தகைய பேரழிவுகளின் படிப்பினை. மன்ரோவியாவுக்குச் சொந்தமான மலைப் பூங்கா, பாப்கேட் தீயையும் அதன்பின் வந்த சேற்றையும் தொடர்ந்து நெடுங்காலம் மூடிக் கிடந்தது.

இந்தப் பின்னணியில்தான் புதர் வெட்டும் அறிவிப்பைப் படிக்க வேண்டும். ஆபத்து மிகுந்த பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிவரை எரியக்கூடியவற்றைக் குறைக்க வேண்டும் என்கிறது மாநில விதி. வீட்டுச் சுவரிலிருந்து முதல் 5 அடிக்குள் எதுவும் பற்றக்கூடியதாக இருக்கலாகாது என்னும் கருத்து 2020 இல் சட்டத்தில் இடம்பெற்றது. காட்டுத்தீயில் பல வீடுகளை அழிப்பது நேரே வந்து மோதும் தழல் அன்று. காற்றில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் பறந்துவரும் கங்குகள் கூரைத் தாழ்வாரத்தில் சேர்ந்த சருகிலும், சன்னலடியில் பரப்பிய மரத்தூளிலும், சுவரோடு ஒட்டிய மரவேலியிலும், வலையிடாத காற்றுத் துளைகளிலும் விழுந்து உள்ளிருந்து வீட்டை எரிக்கின்றன. ஜூன் மாதத்தில் அந்தச் சருகை வாரச் சொல்லும் ஒரு துண்டுத்தாள், உரிய மனிதர் கையில் உரிய நாளில் கிடைத்தால், செப்டம்பரில் ஒரு தெருவையே காப்பாற்றக்கூடும்.

கரடியும் குடிமக்களும்

கோடையில் உணவும் நீரும் தேடி மலையிலிருந்து இறங்கும் கருங்கரடிகள் மன்ரோவியாவின் தெருக்களுக்குப் புதியவை அல்ல. இம்மலைகளில் முன்பு வாழ்ந்த பெரும் பழுப்புக் கரடியினம் வேட்டையால் அற்றுப்போன பின், 1933 இல் யோசமிட்டியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கருங்கரடிகளின் வழித்தோன்றல்களாகவே இவை கருதப்படுகின்றன. 1990களில் இவ்வூர் வீடொன்றின் வெந்நீர்த் தொட்டியில் குளித்துப் புகழ்பெற்ற சாம்சன் என்னும் கரடி, மனிதரிடம் அச்சம் நீங்கியதால் கொல்லப்படவிருந்து, மக்கள் எழுப்பிய குரலால் உயிர்பிழைத்து, விலங்குக் காட்சிசாலையில் 2001 வரை வாழ்ந்தது. குப்பைத் தொட்டியை முந்தைய இரவே வெளியில் வைக்காதீர்கள், உதிர்ந்த பழங்களை அன்றன்றே அள்ளுங்கள் என்னும் வேண்டுகோள்களின் பொருள் இதுவே: மனிதரின் உணவுக்குப் பழகிய கரடி பெரும்பாலும் தன் உயிரை இழக்கிறது.

மலையின் மேல் இம்மக்களுக்கு இருக்கும் பற்றை 2000 ஆம் ஆண்டு வாக்கெடுப்பு காட்டியது. மலைச்சரிவில் நகரத்துக்குச் சொந்தமான நிலத்தை இயற்கைக் காப்பிடமாக நிலைநிறுத்தவும், வீடு கட்டுவோர் கைக்குப் போகவிருந்த மற்ற நிலங்களை வாங்குவதற்காகத் தம்மீது தாமே வரி விதித்துக்கொள்ளவும் அப்போது அவர்கள் ஒப்பினர்.

சொல்லப்படாத இரவு

மன்ரோவியாவிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டருக்குள் உள்ள ஆல்டடீனா, மக்கள்தொகையில் அதைவிடச் சற்றுப் பெரியதாயினும், தனி நகராட்சியாகப் பதிவு பெறாத பகுதி. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றம் ஒன்று உண்டெனினும் அது ஆலோசனை கூற மட்டுமே உரிமை பெற்றது. சட்டம் இயற்றும் அதிகாரம் சுமார் 1 கோடி மக்களைக் கொண்ட லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் ஐவர் குழுவிடம் இருக்கிறது. 2025 ஜனவரி 7 மாலை, மழை பெய்யாத குளிர்காலத்தில், புயல்போல் வீசிய காற்றோடு எழுந்த ஈட்டன் தீ 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்தது. 19 உயிர்களைப் பலிகொண்டது. கிழக்குப் பகுதிக்கு அன்று மாலையே வெளியேற்ற உத்தரவு சென்றிருக்க, ஊரின் மேற்குப் பகுதிக்கு அது தீ தொடங்கி ஏறத்தாழ 9 மணி நேரம் கழித்தே வந்தது. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த மேற்குப் பகுதியினர். தனி நகராட்சியாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர் என்று எவராலும் உறுதி கூற இயலாது. அத்தகைய காற்றுக்கு முன் எந்த நிர்வாகமும் திணறியிருக்கும். ஆனால் உரிய நேரத்தில் வராத ஓர் அறிவிப்பின் விலை என்ன என்பதை ஆல்டடீனா மறுக்க முடியாதபடி நிறுவிவிட்டது.

பூங்காவில் நாற்காலியை விரித்து இசை கேட்கும் மாலையில் அண்டை வீட்டாரின் பெயரைத் தெரிந்துகொள்பவர், காதுகேளாத முதியவர் எந்தக் கதவுக்குப் பின்னால் உறங்குகிறார் என்பதையும் தெரிந்துகொள்கிறார். நிரலைப் படித்துக் கூட்டத்துக்குச் சென்று பழகியவர், ஆபத்து வரும்போது எந்த அலுவலரைக் கேட்க வேண்டும் என்றும் அறிந்திருக்கிறார். ஆகவே கோடைக்காலச் செய்திகளை அற்பம் என்று ஒதுக்குவது பெரும்பிழை. எதை, எப்போது, யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அறிந்து, சட்டத்தின் கட்டாயத்துக்கும் மேலாக அதைச் சொல்லும் நிர்வாகமே நல்ல உள்ளாட்சி. அதைப் படித்து, கேள்வி கேட்டு, தன் வீட்டு வாசல்வரை செயலாக்கும் குடிமக்களே அதன் வலிமை.

(தொடரும்)