உஷார்! 64 மெகாபிக்சல் கேமரா வருது

ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளி ஆஃபர் தொடங்குவதற்குள் சேலம் அம்மாபேட்டையில் எத்தனை வீட்டுக் கதவை இந்தப் பார்சல் தட்டப்போகிறதோ! ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் வந்து நிற்கிறது விளம்பரம். உள்ளங்கை அளவுக் கேமரா. 64 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16 மடங்கு ஜூம், கூடவே 32 ஜி.பி. கார்டு இலவசம். விலை நாலாயிரத்துச் சொச்சம். 'இன்னும் மூன்று பீஸ்தான் பாக்கி' என்று கீழே சிவப்பில் ஒரு கடிகாரம் வேறு ஓடுகிறது. பணம் கட்டப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்.

சிக்குவது யார்? சேலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி விற்கிற தறி வீட்டுக்காரர்கள். பிள்ளை கையில் போனைக் கொடுக்கப் பயந்து 'கேமராவாவது வாங்கித் தருவோம்' என்கிற பெற்றோர். 'பழைய டிஜிகேம் லுக்' தேடும் காலேஜ் கூட்டம். மூவருமே நியாயமான ஆசைக்காரர்கள்தான். அதனால்தான் வயிறு எரிகிறது.

முதலில் அந்த 64-ஐப் பிடிப்போம். சோனியின் டபிள்யூ830 எவ்வளவு தெரியுமா? 20 மெகாபிக்சல். கேனன் இக்ஸஸ் 285-உம் 20. கோடக் பிக்ஸ்ப்ரோ எஃப்.இஸட்.55 வெறும் 16. கேமராவே பிழைப்பு என்று இருக்கிறவன் 20-இல் நிற்கிறான். பெயரே கேள்விப்படாத கம்பெனி 64 என்கிறது. இங்கேயே சந்தேகம் வர வேண்டாமா?

நான் சொன்ன மூன்று கேமராவிலும் ஒளியை வாங்கும் சென்சார் ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டர் அகலம், 4.6 மில்லிமீட்டர் உயரம்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. பெயர் தெரியாத கேமராக்கள் பலவற்றில் இருப்பது இதைவிடவும் பொடிசு. அதில் 13 மெகாபிக்சலோ, அதற்கும் குறைவாகவோ எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மென்பொருள் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து நடுவில் புதுப் புள்ளிகளை நிரப்பிக்கொள்கிறது. 13-ஐ 64 ஆக்கினால், படத்தில் ஐந்து புள்ளிக்கு நான்கு கற்பனை! ஃபைல் பெரிதாகும், கார்டு சீக்கிரம் நிறையும், படத்தில் ஒரு நூல்கூட அதிகம் தெரியாது.

'என் போனே 50 மெகாபிக்சல் ஆச்சே' என்று கேட்பீர்கள். அது உண்மையாகவே 50 மெகாபிக்சலுக்கான சென்சார். பல போன்களில் அது நான் சொன்ன கேமராக்களுடையதைவிடப் பெரியதும்கூட. அப்படியும் போன் நாலு புள்ளியை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் வழக்கமாகச் சேமிக்கிறது. ஒளி போதாது என்று அதற்கே தெரியும்.

சரி, பார்சல் வந்துவிட்டது, எப்படிச் சோதிப்பது? வேறெங்கும் போக வேண்டாம். புவிசார் குறியீடு வாங்கிய சேலம் வெண்பட்டு வேட்டி இருக்கிற ஊர் இது. கேமராவுக்கு அதைவிடக் கடினமான பரீட்சைத் தாள் கிடையாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் வேட்டியை விரித்து ஒரு படம் எடுங்கள். வெள்ளை பச்சையடித்து வந்தால், வெள்ளையை அளக்கத் தெரியாத கேமரா அது. ஜரிகைக் கரையைப் பாருங்கள்: தங்க இழைகள் தனித்தனியாகத் தெரிகிறதா, மொத்தமாக வெளுத்த பட்டையாகிவிட்டதா? பிறகு கிட்டே போய் எடுங்கள். மலிவு மாடல்கள் பலவற்றில் ஃபோகஸ் நகரவே நகராது. ஒரு மீட்டருக்குள் வந்தால் பாவும் ஊடையும் குழம்பிவிடும். துணியில் இல்லாத அலைக்கோடுகள் படத்தில் நெளிந்தால் மட்டும் அவசரப்பட்டுத் திட்டாதீர்கள், நெருக்கமான நெசவில் நல்ல கேமராவுக்கும் அது வரும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் போய்விடும். கத்தரிப்பூ நிறச் சேலை நீலமாக வந்தால்தான் ஆபத்து. வாங்கியவர் திருப்பி அனுப்புவார். கூரியர் காசு உங்கள் தலையில்.

துணி இல்லாதவர்கள் ஆவின் பால் பாக்கெட்டின் பொடி எழுத்தை எடுத்து, கம்ப்யூட்டரில் முழு அளவுக்குப் பெரிதாக்கிப் படித்துப் பார்க்கலாம். அதே எழுத்தைப் போனிலும் எடுங்கள். போன் ஜெயித்தால், அன்றைக்கே ரிட்டர்ன் போடுங்கள்.

ஜூமுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. லென்ஸைச் சுற்றி மில்லிமீட்டரில் இரண்டு எண் இருக்கும். சோனி டபிள்யூ830-இல் 4.5-36, வகுத்தால் 8, அதுதான் நிஜ ஜூம். இக்ஸஸ் 285-இல் 4.5-54, ஆக 12. ஒரே ஒரு எண் மட்டும் இருந்து, ஜூம் பட்டனை அழுத்தியும் லென்ஸ் வெளியே வராவிட்டால், '16 மடங்கு' என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. ஃபிளாஷையும் கவனியுங்கள். பளிச்சென்று ஒரு நொடிக்கும் குறைவாக வெட்டுவது வேறு. டார்ச் மாதிரி எரிந்துகொண்டே இருக்கும் எல்.இ.டி. வேறு. அந்த டார்ச்சை நம்பி குகைப் பகுதி ஆடித் திருவிழாவின் வண்டி வேடிக்கைக்குப் போனால், சாமி வேஷக்காரர் எல்லாம் புகையாகத்தான் வருவார்கள்.

இந்தக் கூத்து ஏன் இப்போது பெருகுகிறது? 2010-இல் ஜப்பானியக் கம்பெனிகள் உலகுக்கு அனுப்பிய கையடக்கக் கேமராக்கள் பத்துக் கோடிக்கு மேல். 2023-இல் இருபது லட்சத்தைக்கூடத் தொடவில்லை. போன் அத்தனையையும் விழுங்கிவிட்டது. பிறகு இளசுகளுக்குப் பழைய மோகம் திரும்பியதும் நல்ல கேமராவுக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் 2016-இல் சுமார் 210 டாலருக்கு வந்த அதே இக்ஸஸை, கேனன் 2025-இல் லேசாக மாற்றி 380 டாலருக்கு மறுபடி இறக்கியது. நல்லது எட்டாத உயரத்துக்குப் போனதும், காலியான இடத்தில் 64 மெகாபிக்சல்காரன் கடை விரித்துவிட்டான்.

என் அபிப்பிராயம்: நாலாயிரம் ஐயாயிரத்தில் புதுக் கேமரா என்றால் கையில் இருக்கும் போனே மேல். கேமராதான் வேண்டும் என்றால் பேர் பெற்ற கம்பெனியின் பழையதைத் தேடுங்கள். ஆனால் அங்கேயும் பள்ளம் உண்டு. 2002 முதல் 2004 வரை சோனி தயாரித்த சில சி.சி.டி. சென்சார்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் செத்துப்போய், படம் ஊதாவாகவோ கறுப்பாகவோ வந்து, 2005-இல் கேனன், நிக்கான் உட்படப் பல கம்பெனிகள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. சேலம் வெயிலில் அந்த வயசுக் கேமரா வேண்டவே வேண்டாம். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜியில் எக்ஸ்.டி. கார்டு கேட்கும், இன்று எந்தக் கடையில் போய்த் தேடுவீர்கள்? லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, சிலந்தி வலை போலப் பூஞ்சை இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். உப்பிய பேட்டரி இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

இனி, ஏமாந்துவிட்டால். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, எம்.ஆர்.பி. எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பேட்டரியில் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பனையாளர் சொல்ல 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் இடம் தரவில்லை. ஆகவே விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஜி.எஸ்.டி. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்ச ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை.

அப்புறம் அந்த இலவசக் கார்டு. போலியாக இருந்தால் இது கேமராவைவிட மோசம். 32 ஜி.பி. என்று காட்டும்படி உள்ளே எழுதிவைத்திருப்பார்கள். உண்மையில் நாலோ எட்டோ இருக்கும். அது நிறைந்த பிறகும் கேமரா 'சேமித்தாயிற்று' என்றே சொல்லும், வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படம் திறக்காது. கல்யாணம், காதுகுத்து என்று எடுத்துப்போவதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு, காலிக் கார்டை ஒருமுறை முழுக்க எழுதிப் படிக்க விடுங்கள். உண்மையான அளவை அது காட்டிவிடும்.