மின்னிறக்கத்தில் ஓசோன்: சமதானிகள் தரும் சான்று

மின்னிறக்கத்துக்குட்பட்ட வாயுவில் தாக்கங்கள் மிக விரைவாகவும் ஒன்றோடொன்று பின்னியும் நிகழ்கின்றன. தொடக்கப் பொருளையும் விளைபொருளையும் மட்டுங் கொண்டு இடைப்பட்ட படிகளை அறிதல் அரிது. இங்கு சமதானிகள் துணைபுரிகின்றன. ஒரே மூலகத்தின் அணுக்களாயினும் அவை திணிவால் வேறுபடுவதனால், எம்மூலக்கூறிற் சென்று சேர்ந்தன என்பதைத் திணிவுத் திருசியமானி காட்டிவிடும்.

ஒட்சிசனுக்கு உறுதியான சமதானிகள் மூன்று உள. இயற்கையில் ஒட்சிசன்-16 ஏறத்தாழ 99.76 வீதமும், ஒட்சிசன்-18 0.20 வீதமும், ஒட்சிசன்-17 0.04 வீதமும் காணப்படுகின்றன. மின்னிறக்கத்தில் விரைந்து செல்லும் இலத்திரன்கள் ஒட்சிசன் மூலக்கூறுகளை மோதிப் பிளக்கின்றன. விடுபட்ட அணு மற்றொரு மூலக்கூறுடன் இணையும்போது, மிகைச் சக்தியை மூன்றாவது துணிக்கையொன்று ஏற்றுக்கொள்ள, ஓசோன் உருவாகின்றது.

இரசாயனத் தாக்கங்களில் சமதானிகளின் பாகுபாடு திணிவு வேறுபாட்டைப் பொறுத்தது. ஒட்சிசன்-16 இலிருந்து ஒட்சிசன்-17 ஓரலகாலும் ஒட்சிசன்-18 ஈரலகாலும் வேறுபடுகின்றன. ஆகவே முன்னதன் மாற்றம் பின்னதன் மாற்றத்தில் ஏறத்தாழப் பாதியாதல் வேண்டும். இவ்விதிக்கு விலக்கில்லை என்றே கருதப்பட்டது. 1969 இல் மெக்சிக்கோவில் வீழ்ந்த அயெண்டே விண்கல்லின் சில பகுதிகளில் இரு சமதானிகளும் ஏறத்தாழச் சம அளவில் மாறியிருப்பதை 1973 இல் றொபேட் கிளேற்றன் குழுவினர் அறிவித்தனர். இரசாயனத்தால் இது இயலாதெனக் கொள்ளப்பட்டமையால், சூரியத் தொகுதிக்கு வெளியே கருத்தாக்கங்களால் உண்டான ஒட்சிசன்-16 கலந்தமையே காரணம் என விளக்கப்பட்டது.

1983 இல் மார்க் தீமென்ஸ், ஜோன் ஹைடன்றைக் ஆகியோர் ஒட்சிசனில் மின்னிறக்கஞ் செய்து ஓசோனைப் பெற்றனர். அவ்வோசோனில் பாரமான இரு சமதானிகளும் ஏறத்தாழச் சமமாகவே செறிவுற்றிருந்தன. அணுக்கருக்கள் மாறாத ஆய்வுகூடக் கலத்தினுள்ளேயே விதி பிறழ்ந்தது. விண்கல் பற்றிய முடிபின் அடிப்படை எடுகோளொன்று இதனால் வீழ்ந்தது.

காரணம் யாது? 2001 இல் காவோ, றூடொல்ப் மார்க்கஸ் ஆகியோர் மூலக்கூறின் சமச்சீரை முதன்மைப்படுத்தி விளக்கமளித்தனர். மூன்று அணுக்களும் ஒத்த ஓசோனிலும், ஓரத்தில் வேறு சமதானி கொண்ட ஓசோனின் சக்தி மிக்க இடைநிலை, உறுதி பெறும் வாய்ப்புக் கூடியது. அவ்வணு 17 ஆயினும் 18 ஆயினும் சமச்சீர் ஒருவாறே குலைகின்றது.

விண்கல்லின் புதிரை ஓசோன் தானே தீர்த்துவிடவில்லை. ஆதி நெபுலாவிற் காபனோரொட்சைட்டைப் புறவூதாக் கதிர்கள் பிளந்தமையே காரணமென இன்று பலர் கருதுகின்றனர். எனினும் அதுவும் கருத்தாக்கமன்று, ஒளியிரசாயனமே. வேறு வழியில்லை என்பதையே ஆதாரமாகக் கொண்ட முடிபுகள் மீளாய்வுக்குரியன என்பதை இப்பரிசோதனை உணர்த்துகின்றது.